இமாடினிப் 400: பல வருடமாக வாங்கிக்கொண்டிருப்பவள் எழுதுவது

என் வீட்டுக்காரருக்கு சி.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய். 2012-இல் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து தினமும் ஒரு இமாடினிப் 400 மில்லிகிராம் மாத்திரை சாப்பிடுகிறார். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர் வேலை. இன்றைக்கும் அதே வேலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார். மருந்தைப் பற்றி நான் சொல்லக்கூடிய முதல் நல்ல வார்த்தை அதுதான்.

இந்த நோய் புதிதாக வந்த வீடுகளிலிருந்து யார் மூலமாவது என் நம்பரை வாங்கிக் கூப்பிடுவார்கள். கேட்பதெல்லாம் ஒன்றேதான். விலை குறைந்த ஜெனரிக் மாத்திரை, அதாவது கண்டுபிடித்த கம்பெனி இல்லாமல் வேறு கம்பெனிகள் செய்யும் அதே மருந்து, உண்மையிலேயே வேலை செய்யுமா? எந்தக் கடையில் வாங்குவது? எதைப் பார்த்து வாங்குவது? ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். இந்த விலைக்கு இந்த மாத்திரை எப்படிக் கிடைக்கிறது என்பதையும் கொஞ்சம் நீட்டியே எழுதப்போகிறேன். யாரும் தானமாகக் கொடுத்த விலை அல்ல அது.

முதலில் மாத்திரை. 400 மில்லிகிராம் கொஞ்சம் பெரிய மாத்திரை. எங்களுக்குக் கிடைப்பது செங்காவி நிறத்தில் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி நிறமும் வடிவமும் மாறும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் குமட்டும், சில நாள் வாந்தியே வந்துவிடும். அதனால் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி விழுங்க வேண்டும். போட்டதும் படுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டோம். பட்டறையில் டிபன் பாக்ஸுக்குள் ஒரு சின்ன டப்பாவில் அன்றைக்கு உண்டான ஒரு மாத்திரை போகும். விழுங்க முடியாத நாட்களில் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கரைய விட்டு உடனே குடிக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். டைபாய்டு வந்தபோது அப்படித்தான் கொடுத்தேன். கடும் கசப்பு. உடைந்த மாத்திரையின் பொடியைக் கையில் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இன்னும் கவனம்.

பக்கவிளைவு இல்லையென்று சொல்ல மாட்டேன். காலையில் எழும்போது கண் இமைகள் உப்பியிருக்கும், வெயில் ஏற ஏற வடிந்துவிடும். ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். முதல் சில மாதம் அதற்கே நானும் எழுந்து உட்கார்ந்து தேய்த்துவிட வேண்டியிருந்தது. தோல் கொஞ்சம் வெளுத்துவிட்டது. ஆனால் மருந்து ஆரம்பிக்கும்போது அவருக்கு வெள்ளையணு ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. மண்ணீரல் வீங்கி, இடது விலாவுக்குக் கீழே கல்லை வைத்துக் கட்டியதுபோலக் கனம். பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். மருந்து உள்ளே போய்ச் சில வாரத்திலேயே எண்ணிக்கை இறங்கியது. அப்புறம் மண்ணீரல் சுருங்கியது. அப்புறம், ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்கும் பி.சி.ஆர். பரிசோதனையில் நோய் தேடிப் பார்த்தாலும் தெரியாத அளவுக்குப் போனது. இதெல்லாம் ஜெனரிக் மாத்திரையில் நடந்தது. ‘ஒரிஜினல்’ கம்பெனியின் டப்பாவை நாங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அடுத்தது கடை. முதலில் மருத்துவமனைக்குள்ளேயே இருந்த ஒரு மருந்துக் கடையில் வாங்கினோம். அட்டையில் அச்சிட்ட விலையிலிருந்து ஒரு ரூபாய் குறைக்க மாட்டார்கள். இப்போது வாங்குவது கோவை ரோடு பக்கம் ஒரு சின்னக் கடை. மூன்று பேர் நின்றால் வாசல் அடைத்துவிடும். ஆனால் அந்த அண்ணன் மருந்தாளுநர் படிப்பு படித்தவர், மருந்து தெரிந்தவர். சீட்டைப் பார்த்ததும் அவர் கேட்பது: “போன தடவை எந்தக் கம்பெனிம்மா சாப்பிட்டாரு?” அதே கம்பெனி மாத்திரையையே வரவழைத்துக் கொடுப்பார். மாற்ற வேண்டி வந்தால், “டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவார். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்பார். தள்ளுபடி தாராளமாகக் கொடுக்கிறார். ஒரு மாத மருந்து சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடுகிறது. பில்லில் பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் தானாகவே அச்சாகும், கேட்டு வாங்க வேண்டியதில்லை.

அந்தக் கடையில் ஒரே குறை வெக்கை. ஏசி கிடையாது. மேற்குப் பக்கச் சுவரில் அலமாரி. கரூர் சித்திரை வெயில் உங்களுக்குத் தெரியும். நாங்கள் வாங்கும் அட்டையில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி அச்சிட்டிருக்கிறது. இதைச் சொன்ன பிறகு புற்றுநோய் மருந்துகளை மட்டும் உள்ளறைக்கு மாற்றியிருக்கிறார். இருந்தாலும் ஏப்ரல், மே மாதங்களில் மாத்திரை கடைக்கு வந்த அன்றைக்கே நான் போய் வாங்கிக்கொண்டுவந்துவிடுவேன்.

சரி, விலைக்கு வருவோம். இந்த மருந்தைக் கண்டுபிடித்து முதலில் விற்றது சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ். கிளிவெக் என்ற பெயரில். இந்தியாவில் அவர்கள் வைத்த விலை மாதம் சுமார் 1,20,000 ரூபாய். நம் கம்பெனிகள் அதே மருந்தை மாதம் எட்டாயிரம், பத்தாயிரத்துக்குக் கொடுத்தன. இப்போது அதைவிடவும் குறைந்துவிட்டது. பெயிண்டர் சம்பளமும் என் கணக்கர் சம்பளமும் சேர்ந்தாலும் லட்ச ரூபாய் என்பது எங்களுக்கு ஒரு மாதக் கணக்கில் வரக்கூடிய தொகையே அல்ல. வீட்டை விற்றாலும் எத்தனை மாதம் ஓடும்?

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். நோவார்ட்டிஸ் ஓர் உதவித் திட்டத்தின் மூலம் இந்தியாவில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு இந்த மருந்தை இலவசமாகவே கொடுத்தது. வாங்கிப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நன்றி சொல்வது சரிதான். ஆனால் உயிர் பிழைக்கும் மருந்து ஒரு கம்பெனியின் விண்ணப்பப் படிவத்தை நம்பி இருப்பதும், கடைக்குப் போய் நம் காசு கொடுத்து வாங்குவதும் ஒன்றல்ல.

காப்புரிமை என்றால் கண்டுபிடித்தவர் மட்டுமே செய்து விற்கலாம் என்ற உரிமை. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி இந்தியாவில் மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். வேறு வழியில் அதே மருந்தைச் செய்தால் தப்பில்லை. நம் ஊர் மருந்துக் கம்பெனிகள் வளர்ந்தது அதனால்தான். 1995-இல் உலக வர்த்தக அமைப்பு வந்தது. அதோடு ட்ரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்து ஒப்பந்தமும் வந்தது. மருந்துக்கும் காப்புரிமை கொடுத்தாக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியது. அந்தப்படி 2005-இல் இந்தியா சட்டத்தைத் திருத்தியது. திருத்தும்போது, பாராளுமன்றத்துக்கு உள்ளேயும் வெளியேயும் எழுந்த எதிர்ப்பால், இரண்டு பாதுகாப்புகள் சட்டத்தில் இருந்தன. ஒன்று பிரிவு 3(டி): ஏற்கெனவே தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமானால், அது நோயைக் குணப்படுத்துவதில் முன்னதைவிட மேலானது என்று காட்ட வேண்டும். இன்னொன்று, காப்புரிமை கொடுப்பதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம் என்ற பிரிவு. யார் வேண்டுமானாலும் என்றால் நோயாளிகளும்தான்.

அதற்கு முன் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். 2003-இல் நோவார்ட்டிஸுக்கு இந்த மருந்தைத் தனியாக விற்கும் உரிமை கிடைத்தது. 2004-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையும் வாங்கினார்கள். சில இந்தியக் கம்பெனிகள் மருந்தை நிறுத்த வேண்டியதாயிற்று. பத்தாயிரத்துக்கு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் லட்சத்துக்கு எங்கே போவார்கள்? அப்போதுதான் மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் களத்தில் இறங்கியது. காப்புரிமை விண்ணப்பம் இருந்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். அங்கே அந்தச் சங்கமும் நாட்கோ, சிப்லா போன்ற கம்பெனிகளும் எதிர்ப்பு மனு போட்டன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தை நிராகரித்தது. மருந்து 1993-லேயே தெரிந்தது, இப்போது காப்புரிமை கேட்பது அதை ஓர் அமிலத்தோடு சேர்த்துச் செய்யும் உப்பின் ஒரு படிக வடிவத்துக்கு, அதில் குணப்படுத்தும் சக்தி கூடியதாகக் காட்டவில்லை. விஷயம் இவ்வளவுதான்.

நோவார்ட்டிஸ் விடவில்லை. நிராகரிப்பை எதிர்த்தது மட்டுமல்ல, பிரிவு 3(டி)-யே செல்லாது, ட்ரிப்ஸ் ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பாராளுமன்றம் இயற்றிய ஒரு சட்டப் பிரிவை, ஒரு வர்த்தக ஒப்பந்தத்தைக் காட்டி, ஒரு கம்பெனி எடுக்கச் சொல்கிறது. அதைக் கேட்டு உலகமே கொதித்தது. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு வழக்கைக் கைவிடச் சொல்லிக் கையெழுத்து இயக்கம் நடத்தியது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் டெஸ்மண்ட் டுட்டுவும், அந்தக் கம்பெனியின் சொந்த நாடான சுவிட்சர்லாந்தின் முன்னாள் அதிபர் ரூத் டிரைஃபஸும் குரல் கொடுத்தார்கள்.

2007 ஆகஸ்ட் 6-ஆம் தேதி நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் தீர்ப்புச் சொன்னார்கள். சட்டம் ட்ரிப்ஸுக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்கும் இடம் இந்த நீதிமன்றம் அல்ல, அதற்கு உலக வர்த்தக அமைப்பில் தனி ஏற்பாடு இருக்கிறது. பிரிவு 3(டி) அரசியல் சட்டத்துக்கு விரோதமும் அல்ல என்றார்கள். உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட வேண்டுமானால் சுவிட்சர்லாந்து அரசு போட வேண்டும். அந்த அரசு போடவேயில்லை. காப்புரிமை மறுப்பின் மேல்முறையீடு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. கடைசியாக 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் அஃப்தாப் ஆலமும் ரஞ்சனா தேசாயும், நோவார்ட்டிஸின் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள்.

அந்தத் தீர்ப்பு வரும்போது என் வீட்டுக்காரர் மருந்து சாப்பிட ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. திருச்சியில் பார்த்த மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார், “தில்லியில கேஸ் நடக்குது, என்ன ஆகும்னு தெரியலம்மா” என்று. 2005-க்கு முன்பிருந்தே தயாரித்துவந்த கம்பெனிகள் காப்புரிமைக்காரருக்கு ராயல்டி கட்டித் தொடரலாம் என்று சட்டத்தில் ஒரு வழி இருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். இருந்தாலும் அந்தப் பிரிவு 3(டி) வலுவிழந்திருந்தால், அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு மருந்துக்கும் உப்பை மாற்றி, படிகத்தை மாற்றி, இருபது இருபது வருடமாக நீட்டிக்கொண்டே போயிருப்பார்கள்.

அது எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டுக்கே தெரியும். 2017 வாக்கில் ஒரு பி.சி.ஆர். அறிக்கையில் நோய் அளவு கொஞ்சம் ஏறியிருந்தது. இமாடினிப் கேட்கவில்லையென்றால் அடுத்து டாசாடினிப் என்றார் மருத்துவர். அதற்கு அப்போது இந்தியாவில் காப்புரிமை அமலில் இருந்தது. கம்பெனி விலை மாதம் லட்சத்துக்கும் மேல். அந்த ராத்திரி இரண்டு பேரும் தூங்கவில்லை. நல்லவேளை, அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கிவிட்டது. 2020-இல் அந்தக் காப்புரிமை முடிந்தது. இன்றைக்கு அதுவும் ஜெனரிக்காகக் கிடைக்கிறது. அந்தக் காப்புரிமைக் காலத்துக்குள் அது தேவைப்பட்டு, வாங்க முடியாமல் போனவர்களை நினைத்துப் பார்க்கிறேன். திருச்சியில் காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகங்கள் சில அதற்கப்புறம் வரவில்லை.

கோர்ட்டில் ஜெயித்தாயிற்றே, அதோடு சரி என்று நினைத்தால் இல்லை. கோர்ட்டில் தோற்றதை வர்த்தக ஒப்பந்தம் வழியாகக் கேட்பார்கள். 2007-இல் இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் தாராள வர்த்தக ஒப்பந்தப் பேச்சைத் தொடங்கின. கதவைச் சாத்திக்கொண்டுதான் பேச்சு. வரைவு கசிந்தபோதுதான் வெளியே தெரிந்தது, ஐரோப்பியத் தரப்பு மருந்துப் பரிசோதனைத் தரவுகளுக்குப் பிரத்தியேக உரிமை கேட்கிறது என்று.

இது கொஞ்சம் நுணுக்கமான விஷயம், ஆனால் நோயாளி வீட்டார் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஜெனரிக் கம்பெனி ஒரு மருந்தை விற்க அனுமதி கேட்கும்போது, முழு மனிதப் பரிசோதனையையும் முதலிலிருந்து நடத்துவதில்லை. முதல் கம்பெனி நடத்திக் காட்டியது அரசிடம் இருக்கிறது. தன் மாத்திரையும் உடம்பில் அதே அளவு சேருகிறது என்று ஜெனரிக் கம்பெனி காட்டினால் போதும். தரவுக்கு அந்தப் பிரத்தியேக உரிமை வந்தால், இத்தனை வருடத்துக்கு அந்தப் பழைய தரவைப் பார்த்து அனுமதி கொடுக்கக் கூடாது என்றாகிவிடும். காப்புரிமையே இல்லாத மருந்துக்கும் இது பொருந்தும். பூட்டை நீதிமன்றம் உடைத்தெறிந்த பிறகு, வாசலில் ஆள் நிறுத்துவதுபோல. நோயாளிகள் மேல் மறுபடி பரிசோதனை நடத்தட்டுமே என்பார்கள். குணமாக்கும் என்று தெரிந்த மருந்தைப் பாதிப் பேருக்குக் கொடுக்காமல் வைத்துச் சோதிப்பது எந்த ஊர் நியாயம்?

எதிர்ப்பில் முன்னால் நின்றவர்கள் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள். ஏழை நாடுகளில் பயன்படும் எச்.ஐ.வி. மருந்தில் பெரும்பகுதி இந்தியாவில் தயாராவது. 2011 மார்ச்சில் ஆயிரக்கணக்கானோர் தில்லித் தெருவில் ஊர்வலம் போனார்கள். பக்கத்து ஆசிய நாடுகளிலிருந்தும் வந்திருந்தார்கள். ஐரோப்பாவே, எங்கள் மருந்தில் கை வைக்காதே என்பது அந்த இயக்கத்தின் முழக்கம். அடுத்த வருடம் உச்சிமாநாடு நடந்தபோது மறுபடி தெருவுக்கு வந்தார்கள். தினமும் மாத்திரை சாப்பிட்டால்தான் நடக்கவே முடியும் என்கிற உடம்போடு நடந்தார்கள். 2013-இல் பேச்சு நின்றது. கார், ஒயின், வேறு பல சிக்கலும் சேர்ந்துதான் நின்றது, மருந்து மட்டும் காரணமில்லை. ஆனால் மருந்து விஷயத்தை யாரும் கவனிக்காமல் கையெழுத்தாகியிருக்கும் என்ற நிலையை மாற்றியது அந்த ஊர்வலம்தான். 2022-இல் பேச்சு மறுபடி தொடங்கியபோது பழைய கோரிக்கைகளும் கூடவே வந்தன.

கொலம்பியா நாட்டுக் கதையை நான் படித்து நிறைய நாள் மனது ஆறவில்லை. காரணம், அதுவும் இதே இமாடினிப். சென்னையில் மறுத்த அதே படிக வடிவத்துக்கு அங்கே 2012-இல் நீதிமன்றமே காப்புரிமை கொடுக்கச் சொல்லிவிட்டது. மலிவு மருந்து வெளியேற வேண்டியதாயிற்று. 2016-இல் அலெஹாண்ட்ரோ காவிரியா என்ற சுகாதார அமைச்சர், இந்த மருந்து பொதுநலனுக்கு அவசியம் என்று அறிவித்து, விலையைக் குறைக்க முனைந்தார். உடனே நோவார்ட்டிஸ், சுவிட்சர்லாந்துக்கும் கொலம்பியாவுக்கும் இடையேயான முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி, சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போவோம் என்று எழுதியது. வாஷிங்டனில் இருந்த கொலம்பியத் தூதரகத்தின் கடிதங்களும் கசிந்தன. இப்படிப் போனால் அமைதிப் பேச்சுக்கான அமெரிக்க நிதிக்கே சிக்கல் வரலாம் என்று அங்கே சொல்லப்பட்டதாக அதில் இருந்தது. ஐம்பது வருட உள்நாட்டுப் போரை முடிக்கும் நிதி ஒரு பக்கம், ஒரு மாத்திரையின் விலை இன்னொரு பக்கம். கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனி மருந்தைச் செய்ய அரசு கொடுக்கும் அனுமதி, அதுவரை அந்த அரசால் போக முடியவில்லை. ஆனால் விலையைப் பெரிய அளவில் குறைக்க வைத்தார்கள்.

வர்த்தக ஒப்பந்தமே வேண்டாம் என்கிறாயா என்று எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் என்னிடம் கோபப்படுவார்கள், அதனால் இதையும் எழுதுகிறேன். நான் வேலை பார்ப்பது ஏற்றுமதிக் கம்பெனியில். படுக்கை விரிப்பு, மேஜை விரிப்பு, சமையலறைத் துணி. கப்பலேறுவது பெரும்பாலும் ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும். வங்கதேசத்துத் துணி ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போகும், நம் துணிக்கு வரி உண்டு. எத்தனை ஆர்டர் அந்த வித்தியாசத்தில் கைநழுவியிருக்கிறது என்று கணக்கு எழுதுகிற எனக்குத் தெரியும். 2025 ஜூலை 24-ஆம் தேதி பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி 12 விழுக்காடு வரை இருந்த துணி வரி நமக்குப் பூஜ்யம். அன்றைக்கு எங்கள் ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன், சந்தோஷமாகவே சாப்பிட்டேன்.

ஆனால் அதே ஒப்பந்தத்தின் அறிவுசார் சொத்து அத்தியாயத்தில், மருந்து எல்லோருக்கும் கிடைக்கச் சிறந்த வழி கம்பெனிகள் தாமாக முன்வந்து உரிமம் கொடுப்பதுதான் என்று எழுதியிருக்கிறது. கம்பெனி மனது வைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு இந்தியச் சட்டத்தில் இருக்கும் பதில் கட்டாய உரிமம். 2012-இல் ஒரே ஒரு தடவை அதைப் பயன்படுத்தினோம். பேயர் கம்பெனி மாதம் 2,80,000 ரூபாய்க்கு விற்ற சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்தை, நாட்கோ 8,800 ரூபாய்க்குக் கொடுத்தது. பேயர் மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு வாரியத்தில் அதைத் தள்ளியவர், முன்பு 3(டி)-யைக் காப்பாற்றிய அதே பிரபா ஸ்ரீதேவன். அந்த உரிமை சட்டத்தில் இன்னும் இருக்கிறது. ஆனால் தாமாகக் கொடுப்பதே சிறந்தது என்று வெளிநாட்டு ஒப்பந்தத்தில் நாமே கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நாளைக்கு ஓர் அதிகாரி கட்டாய உரிமம் கொடுக்கப் பேனாவை எடுத்தால் அதைத்தான் அவர் முன்னால் நீட்டுவார்கள்.

சுவிட்சர்லாந்தும் நார்வேயும் உள்ள நான்கு நாட்டுக் கூட்டமைப்போடு 2024 மார்ச் 10-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்தே நாளில், மார்ச் 15-இல், நம் காப்புரிமை விதிகள் மாறின. முன்பு இலவசமாக இருந்த எதிர்ப்பு மனுவுக்கு இப்போது கட்டணம். மனுவை ஏற்கலாமா என்று அதிகாரி முதலில் பார்த்து முடிவு செய்வார். காப்புரிமை வாங்கிய மருந்தை இந்தியாவில் எந்த அளவுக்குக் கொடுக்கிறார்கள் என்று கம்பெனிகள் வருடாவருடம் கொடுத்த அறிக்கை, இனி மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. சோராஃபெனிப் வழக்கில் பேயர் மருந்து எவ்வளவு குறைவான நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று காட்ட உதவியதே அந்த அறிக்கைதான்.

துணிக்கு வரியைக் குறையுங்கள், அது நியாயமான பேரம். நீ இதைக் குறை, நான் அதைக் குறைக்கிறேன். என் துணிக்குக் கிடைத்த சலுகைக்கு ஈடாக என் வீட்டுக்காரரின் மாத்திரையை எதற்காகத் தராசில் வைக்க வேண்டும்? அந்தப் பேச்சு நடக்கும் அறைக்குள் கம்பெனிகளின் ஆலோசனை போகிறது. நோயாளிகளுக்கு வரைவு கசிந்தால்தான் உண்டு. பசிபிக் நாடுகளின் ஒப்பந்தத்தில் அமெரிக்கா திணித்த மருந்துப் பிரிவுகளை, 2017-இல் அமெரிக்கா விலகியதும், மீதி 11 நாடுகளும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வர்த்தகத்தைத் தொடர்ந்தன. அந்தப் பிரிவுகள் இல்லாமலும் வியாபாரம் நடக்கிறது.

இனி, வாங்கப்போகிறவர்களுக்கு. மாத்திரைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. கடைக்கு நாலு, வெக்கைக்காக ஒன்று குறைத்தேன். அச்சிட்ட விலைக்கும் கடைக்காரர் உண்மையில் வாங்கும் விலைக்கும் பெரிய இடைவெளி உண்டு, அதனால் கூச்சப்படாமல் தள்ளுபடி கேளுங்கள், இரண்டு கடை விசாரியுங்கள். இது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, அரசு வைத்த உச்சவரம்பு விலை உண்டு, அதற்கு மேல் யாரும் விற்கக் கூடாது. அரசு மருத்துவமனையிலும் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்திலும் கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பி.சி.ஆர். பரிசோதனைக்கு மட்டும் பணம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது சில தடவை மாத மருந்தைவிட அதிகமாக வந்திருக்கிறது. செலவு மிச்சம் என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம், மருந்து கேட்கிறதா இல்லையா என்று சரியாகச் சொல்வது அதுதான். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நடுவில் நிறுத்துவதும் வேண்டாம்.

சின்னக் கடைகளில் இந்த மருந்தை அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள், சொன்னால்தான் கோவையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரும். கையில் பத்து நாள் மாத்திரை இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். தீபாவளி, பொங்கல் வாரங்களில் பார்சல் சர்வீஸ் தாமதமாகும், அப்போது இன்னும் கொஞ்சம் முன்னதாக.